கறுப்புத்தாள் ஒட்டிய ஜன்னல்

"அடுப்பைப் பத்த வைக்காதேம்மா! குழந்தையைத் தூக்கிட்டு வெளியே ஓடி வா!"

வீட்டுக்கார அம்மா போட்ட கூச்சலில், போன வாரம்தான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவள் கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்தாள்.

முகமூடி போட்ட போலீசார் மாடியிலிருந்து கேன் கேனாக ரசாயனத்தை இறக்கினார்கள்.

"போதை மருந்து காய்ச்சியிருக்கான். ஒரு பொறி பட்டிருந்தா வீடே வெடிச்சிருக்கும். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" இன்ஸ்பெக்டர் வீட்டுக்கார அம்மாவிடம் வியந்தார்.

"ஜன்னல் பூரா கறுப்புத்தாள். மூக்கைத் துளைக்கிற நெடி. அவன் கழிவு ஊத்துற இடத்துல புல்லுகூடக் கருகிப்போச்சு."

"இப்படிப்பட்டவனுக்கா ஆன்ட்டி மாடியை விட்டீங்க?" கீழ்வீட்டுக்காரி பொரிந்தாள்.

கைவிலங்கோடு இறங்கியவன் அவர்கள் முன் நின்றான்.

"பெத்த பிள்ளையையே காட்டிக்கொடுத்துட்டியேம்மா!"

"கீழேயும் ஒருத்தி பெத்த பிள்ளை இருக்கேடா."

கீழ்வீட்டுக்காரி தன் குழந்தையை அந்தத் தாயின் கைகளில் கொடுத்தாள்.