தமிழில் சொன்ன நாடகம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அருந்ததி சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள அவள் வீட்டுக்கு, அவள் காதலிக்கும் சிங்களப் பையன் சமிந்த பெண் கேட்டு வருகிறான். அதற்குள் அம்மாவின் மனம் இளக வேண்டும்.

“பெட்டை தமிழ், பெடியன் சிங்களம். தகப்பன் சம்மதிச்சிட்டாராம், அம்மா.”

“சம்மதிச்ச மனுசன் ஏன் கத்துறார்?”

“சந்தோசத்தில.”

கதவு தட்டப்பட்டது. பொலிஸ் சோதனை. “ஏன் கொழும்புக்கு வந்தாய்?” என்று அதிகாரி அம்மாவைச் சிங்களத்தில் அதட்டினார். அருந்ததி பதறி வாய் திறக்குமுன், அம்மாவே சரளமான சிங்களத்தில் பதில் சொன்னார். அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினார்.

“சின்னனில அநுராதபுரத்தில பழகினது. அம்பத்தெட்டில தமிழரை அடிச்ச கலவரத்தோட சிங்களம் கதைக்கிறதை விட்டிட்டன்,” என்றார். “அந்தத் தகப்பன் சம்மதிக்கேல்லை, பிள்ளை. இனி உன்ர கதையைச் சொல்லு. பெடியனுக்கு என்ன பேர்?”