டமார் அண்ணன்

டமார்!

ஒரு தட்டு நிறைய ஸ்பூனும் முள்கரண்டியும் தரையில் விழுந்து நாலா பக்கமும் தெறித்து ஓடின. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மூலை மேஜைக்காரர் ஒருவர் எழுந்தே நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, கை வழுக்கிடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார் சர்வர். ஐம்பது வயசு இருக்கும்.

சூப்பர்வைசருக்குச் சுர்ரென்று ஏறியது. பொழுதுபோக்குப் பூங்காவை ஒட்டிய அந்த ரிசார்ட் ரெஸ்டாரண்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தே பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இது நாலாவது தடவை.

"என்னம்மா, அவருக்குக் கை நடுக்கமா?" என்று கேஷியர் பெண்ணிடம் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார். ரொம்ப நாளா இப்படித்தான். நாங்க அவரை டமார் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம்."

"இதுல பட்டப்பேரு வேறயா?"

முதல் நாளே எல்லாரையும் நிற்க வைத்து அவர் இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, ஹாலில் சத்தம் கேட்கக் கூடாது. இரண்டு, சாப்பிட வருகிறவர்களின் குடும்ப விஷயத்தில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

மதியம் ஆனால் போதும், ஹால் சந்தைக்கடை ஆகிவிடும். தண்ணீர் விளையாட்டில் ஊறி, வெயிலில் வரிசை வரிசையாய் நின்று, கொலைப்பசியோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கும். பெற்றவர்களுக்குப் பொறுமை எப்போதோ தீர்ந்திருக்கும். ஜூஸ் கொட்டும், நூடுல்ஸ் நாற்காலிக்கு அடியில் போகும். இந்த அழகில் சர்வரும் சேர்ந்து கொட்டினால் ரெஸ்டாரண்ட் உருப்பட்ட மாதிரிதான்.

சர்வரைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் சார்."

"நேத்து ஆறு கிண்ணம் சூப்பை ஒரே நடையில கொண்டு போனீங்க. ஒரு சொட்டு சிந்தல. நானே அசந்துட்டேன். வெறும் ஸ்பூன்னா மட்டும் கை வழுக்குமா?"

சர்வர் தலையைச் சொறிந்தார்.

"உங்க சீட்டு கிழியப் போகுது, தெரியுதா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார். இந்த வயசுல வேற எங்க போய் நிப்பேன்?"

"அப்போ 'இனிமே விழாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடறேன்."

அந்த மனுஷன் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

'அவ்வளவு கொழுப்பா!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார் சூப்பர்வைசர். மேனேஜருக்குப் புகார் எழுதினார். ஆதாரம் வேண்டுமே? கேமரா பதிவை ஓட்டினார்.

சத்தமில்லாத படம். சர்வர் தட்டோடு வருகிறார். நிற்கிறார். தட்டைச் சாய்க்கிறார்.

வழுக்கவே இல்லை! வேண்டுமென்றே சாய்க்கிறார்!

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

மற்ற மூன்றையும் ஓட்டினார். எல்லாவற்றிலும் அதே கதைதான். சாய்ப்பதற்கு முன்னால் சர்வர் ஒரு பக்கம் பார்க்கிறார். அப்படி எதைத்தான் பார்க்கிறார்? இந்தத் தடவை சர்வரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைக் கவனித்தார்.

மூலை மேஜை. ஒரு குட்டிப் பையன் ஜூஸைக் கவிழ்த்துவிட்டான். அவன் அப்பா எழுந்து கையை ஓங்குகிறார். தட்டு விழுகிறது. அப்பா திரும்புகிறார். கை இறங்குகிறது.

அடுத்த பதிவில் ஓர் அம்மா, ஒரு பெண் குழந்தை. அதிலும் ஓங்கிய கை, விழும் தட்டு, இறங்கும் கை. மிச்சம் இரண்டும் அப்படியேதான்.

சூப்பர்வைசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுதியதை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தார்.

அங்கே நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று ஐஸ்கிரீம் கிண்ணத்தை அப்பாவின் பேன்ட் மேலேயே கவிழ்த்திருந்தது.

"எத்தனை தடவைடி சொல்றது உனக்கு?"

அவர் எழுந்தார். கை மேலே போனது. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைக் குறுக்கியது. பழகிய பிள்ளை போல.

சர்வர் ஹாலின் மறுகோடியில் நின்றார். இரண்டு கையிலும் கொதிக்கிற சூப். அங்கிருந்து தவித்துப்போய்ப் பார்த்தார்.

டமார்!

ஹாலே திரும்பியது. அந்த அப்பாவும் திரும்பினார். இத்தனை பேர் பார்வையில் ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், தலையைக் கோதிவிட்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் சூப்பர்வைசர், தரையில் மண்டியிட்டு ஸ்பூன்களைப் பொறுக்கியபடி. "கை வழுக்கிடுச்சு."