அலவாங்கு தாங்கிய சுவர்

தன் வீட்டுச் சுவரிலேயே இரத்தினேஸ்வரி கடப்பாரை போன்ற அலவாங்கால் அடிக்கிறாள். பூச்சு தெறித்துக் கன்னத்தைக் கீறுகிறது. துறைமுகத்துப் பக்கம் எழும் புதிய மாடிவீட்டுக்கு முற்பணம் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் இந்த வீடு விலைபோக வேண்டும். வீடு பார்க்கக் கந்தளாயிலிருந்து வந்த வியாபாரியோ, "உக்கின சுவர். இடிச்சுப்போட்டுத்தான் கட்டோணும். காணிக்கு மட்டும்தான் விலை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். "உக்கினதோ? பாருங்கோ!" மறுபடி ஓங்கி அடிக்கிறாள். யன்னல் கண்ணாடி சிதறுகிறது. காகங்கள் அலறிப் பறக்கின்றன. "விடப்பா, கையெல்லாம் ரத்தம்" என்று இழுக்கும் கணவனை நெஞ்சில் முழங்கையால் இடித்துத் தள்ளுகிறாள். சுவர் அசையவே இல்லை. வியாபாரி கிட்ட வந்து அதைத் தட்டிப் பார்க்கிறார். "ஓம் அக்கா, நல்ல பலம். இடிக்கிற செலவு கூடப்போகுது. காணி விலையிலயும் குறைக்கோணும்."