பக்கவாட்டில் மட்டும்

டயர் பாலிஷின் இரண்டாவது பூச்சைத் தொடங்கும்போதே மாரீஸ்வரன் அவள் முதுகில் உதைத்தான். நாகஜோதியின் நெற்றி கார்ச் சக்கரத்தில் மோதியது.

சீக்கிரம் முடிக்க வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு நல்ல நேரம் போகிறதாம்.

நேற்று அடித்ததும் இந்த டயருக்காகத்தான். அவள் வாங்கி வந்த பாலிஷ் தண்ணீராக இருந்தது. சாயங்காலத் தூறலில் வழிந்து போய்விட்டது. வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வண்டிதான் மானம். டப்பாவாலேயே வாயில் அடித்தான். ஒரு பல் போயிற்று.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லித்தான் அம்மா கட்டிக்கொடுத்தாள். நான்கு வருடமாகிறது. அணைக்கிற கையைத்தான் இன்னும் காணோம்.

இன்று விடிந்ததும் கீழக்கரைக் கடையில் கெட்டியான ஜெல்லாகக் கேட்டு வாங்கினாள். உப்புக் காற்றுக்கும் மழைக்கும் ஒரு மாதம் தாங்கும் என்றார் கடைக்காரர். டயரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, ஸ்பாஞ்சால் மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். பக்கவாட்டில் மட்டும். தரையில் உருளுகிற பாகத்தில் பட்டால் வழுக்கும், பிரேக் பிடிக்காது.

அதை அவர் இரண்டு முறை சொன்னார். அவளுடைய வீங்கிய வாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பக்கவாட்டு வேலை முடிந்தது. மாரீஸ்வரன் குளிக்கப் போனான்.

அவள் ஸ்பாஞ்சை மறுபடி ஜெல்லில் முக்கினாள். நான்கு டயரிலும் உருளுகிற பாகத்தில் அழுத்தித் தேய்த்தாள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி, அடியில் இருந்ததையும் தேய்த்தாள். பூஜை முடிந்ததும் அவன் திருவாடானை கோயிலுக்குத் தனியாகத்தான் போவான். தூறலிலும் விரட்டித்தான் ஓட்டுவான். செத்துத் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

குளித்து வந்தவன் சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கும்போது மஜீதா வந்தாள். எதிர்வீட்டுக்காரி, நிறைமாதம், புருஷன் துபாயில். வலி கண்டுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாரீஸ்வரன் உடனே எழுந்தான். ஊருக்கு அவன் நல்லவன். சந்தனத்தை அப்படியே வைத்துவிட்டு, அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்பினான்.

நாகஜோதி ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"எடுக்காதீங்க. டயரு உருளுற எடத்துலயும் தடவிட்டேன். நீங்க சாகணும்னுதான் தடவுனேன்."

அவன் இறங்கினான். குனிந்து டயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தான். சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பியை அவன் அங்கேதான் வைத்திருப்பான்.

தெரு திறந்துதான் கிடந்தது. நாகஜோதி ஓடவில்லை. பின்கதவைத் திறந்து மஜீதாவின் கையைப் பிடித்தாள்.

"பைய எறங்குக்கா. முக்குல ஆட்டோ நிக்கும். திரும்பிப் பாக்காமப் போ."