முப்பதாவது வரி

லீலா கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு என்னை முறைத்தாள்.

"இன்னா வனமாமலை, மறுபடியும் கேம் எதுனா ஏத்தி வச்சிக்கிறியா?"

"ஜோசியம். ரன் அமுக்கிப் பாருங்க, தன்னால சொல்லும்."

செல்போனைக் கேட்டிலேயே பூட்டி வைத்துவிடும் கம்பெனி எங்களுடையது. பேசிக் மொழியில் புரோகிராம் எழுதக்கூடிய என் பழைய கால்குலேட்டர் மட்டும், கணக்குப் போடும் பெட்டி என்ற நல்ல பெயரில் உள்ளே வந்துவிடும். குவாலிட்டி செக்கிங்கில் இருக்கும் லீலா, சராசரி போட அதைக் கேட்டு வாங்குவாள். அதற்காகத்தான் கொண்டுவருகிறேன் என்பது எனக்கும் அதற்கும் மட்டுமே தெரியும்.

புரோகிராம் எழுத ஒரு மாத டீ பிரேக் ஆனது. மொத்தம் நான்கு வரி; பேசிக்கில் வரிகளுக்குப் பத்து, இருபது என்றுதான் எண்.

பத்தாவது வரி கேட்கும்: 'மனசில் யார்? டோக்கன் நம்பர்?' இருபதாவது வரி, கழுத்துக் கார்டில் இருக்கும் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். முப்பதாவது வரியில் நான் இருந்தேன்: எண் என் டோக்கனான 2093 என்றால், 'நடக்கும்'. வேறு எந்த எண்ணானாலும் நாற்பதாவது வரி: 'நடக்காது'.

நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாதவனுக்கு டிப்ளமோ இப்படித்தான் உதவும்.

லீலா தட்டினாள். நான்கு தட்டு. வெள்ளை விளக்குகளுக்குக் கீழே கன்வேயர் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவள் விரலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் சத்தம் போடவில்லை.

கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

'நடக்காது.'

கால்குலேட்டர் கடைசியாக வாங்கிய எண்ணை மறக்காது. கேட்டேன். காட்டியது: 5116.

அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, பொறாமையில் மிதந்தேன். யார் அந்த 5116? உயரமாக இருப்பான். முடி கொட்டாது. இருங்காட்டுக்கோட்டையில் தனி ரூம், பால்கனி வேறு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். எனக்கே அவனைப் பிடித்துப் போனது. கேன்டீனில் சாம்பாரைப் பார்க்காமல், வரிசையில் நின்றவர்களின் கழுத்துக் கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அகப்படவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் செக்யூரிட்டி புருஷோத்தமனிடம் கேட்டேன். "அண்ணே, 5116 யாருண்ணே?"

அவர் என் கார்டைப் பிடித்துத் திருப்பினார். "கலாய்க்கிறியா? உன் கழுத்துலதாம்பா தொங்கிக்கினு கீது!"

போன திங்கட்கிழமை எங்கள் கான்ட்ராக்டர் மாறினார். அதே லைன், அதே ஆட்கள். நம்பர் மட்டும் எல்லோருக்கும் புதிது. போட்டோவில் திருட்டு முழி முழித்திருந்ததால், புதுக் கார்டைக் கவிழ்த்தே மாட்டியிருந்தேன். எண்ணை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

லீலா பார்த்திருக்கிறாள். எப்போது, எப்படித் திருப்பினாள் என்று தெரியவில்லை.

வெளியே லேடீஸ் பஸ் வல்லம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 'நடக்காது' என்ற என் புரோகிராமை நம்பிய ஒருத்தி அதற்குள் உட்கார்ந்திருந்தாள்.

5116 ஓடினான்.