முதல் மடி

"பதினாலு மணி நேரம்தான் லீவு. அதுல இந்த ஆளையும் இட்டுகினு வந்துகீறான் பாரேன்!"

பக்கத்து வூட்டு மரகதம் என் காதுல சொன்னா. தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. அவ ரகசியம் பேசற லட்சணம் அப்பிடி.

திருமலை அவ தம்பி. வெளிநாட்டு ஜனங்க ஊர் சுத்திப் பாக்கற கப்பல்ல சலவை வேலை. பொங்கல் முடிஞ்சு போனப்போ பொண்டாட்டி மஞ்சுளா அஞ்சு மாசம். வைகாசியில பையன் பொறந்தான். அப்பங்காரன் பாத்தது போட்டோவுலதான்.

இப்போ தொண்ணூத்தி ஒண்ணு, கார்த்திகை. கப்பல் மெட்ராஸ் ஹார்பர்ல ஒரு ராத்திரி நிக்குதுன்னு தந்தி வந்ததுலேர்ந்து, பென்னலூர்ல எங்க தெருவே ஒரு நெலையில இல்ல.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்சி வந்துது. திருமலை எறங்கினான். பின்னாலயே குள்ளமா, சின்னக் கண்ணோட ஒருத்தன் எறங்கி எல்லாருக்கும் கும்பிடு போட்டான்.

"இவன் ரெனாட்டோ. பிலிப்பைன்ஸ்காரன். எங்கூட சலவையில கீறான்" என்றான் திருமலை.

மஞ்சுளா பட்டுப்புடவை கட்டி, பூ வெச்சு, வாசப்படியில நின்னுகினு இருந்தா. அந்த ஆளைப் பாத்ததும் அவ மொகம் சுருங்கிப் போச்சு. எனக்கே வவுறு எரிஞ்சுது. பத்து மாசம் கழிச்சு வர்றவனுக்குத் தொணைக்கு ஆளு வேணுமா?

மரகதத்தோட வூட்டுக்காரர் அண்ணாதுரை, ஃபேக்டரியில ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்ச யூனிபாரத்தோட வந்து ஒக்காந்தார்.

"கப்பல் எம்மாம் பெரிசு மச்சான்?"

"ஏழு மாடி மாமா. லிப்ட் கீது. மேல நீச்சல் குளம்."

"கடலுக்கு நடுவுல எதுக்குடா நீச்சல் குளம்?" என்றேன் நான்.

"அதான் எனக்கும் புரியல அண்ணி."

தெருவே சிரிச்சுது. ஏழு மாடியைத் தண்ணி தாங்குதுன்னா! எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துது.

"ராத்திரி தங்கற ஊர்னா போதும், கப்பல் ஜனங்க தூங்கவே மாட்டாங்க. கோயிலு, கடைத்தெரு, சாப்பாடுன்னு ஒரு நிமிஷம் வீணாக்காம சுத்திட்டு, விடியறதுக்குள்ள ஓடியாருவாங்க. இன்னைக்கு மூணு பஸ்ஸு நம்ம ரோட்டுலதான் காஞ்சிபுரம் போயிருக்குது" என்றான் திருமலை.

"பாத்தோம், பாத்தோம்! நம்ம பசங்க டாட்டா காட்டினாங்க."

அண்ணாதுரைக்கு அவர் கவலை. "நீங்க எல்லாரும் எறங்கிட்டா மிஷின் லைன் நின்னுடாதா?"

"மிஷின் நிக்கவே கூடாது மாமா. ஆயிரம் பேரோட படுக்கைத் துணி. பாதிப் பேரு முறை போட்டு எறங்குவோம், பாதிப் பேரு மிஷின்ல நிப்போம். அவனவன் மிஷினுக்கு அவனவன் பொறுப்பு. நின்னுச்சு, அடுத்த ஊர்ல எறக்கி வூட்டுக்கு அனுப்பிடுவான்."

"கதை போதும், மணியாவுது. உள்ள வா" என்று மரகதம் அதட்டினா.

அவங்க வூட்டுல ஒரு வழக்கம். அப்பன் மொதமொத பிள்ளையைப் பாக்கறப்போ, அத்தைக்காரி மஞ்சத் துணியில சுத்தி அவன் மடியில போடணும். அவன் கையால அரைஞாண் கயிறு கட்டணும். அதுக்கோசரம் ஆறு மாசமா கயிறு கட்டாமலே வெச்சிருந்தாங்க.

பாய் விரிச்சாங்க. திருமலை சம்மணம் போட்டு ஒக்காந்தான். மரகதம் குழந்தையைத் தூக்கியாந்தா. மகனைப் பாத்ததும் அவனோட ரெண்டு கையும் நீண்டுச்சு.

அப்புறம் என்ன நெனச்சானோ, கையை மடக்கிக்கினான்.

"அக்கா, மொதல்ல ரெனாட்டோ மடியில போடு."

"இன்னாது?"

"போடுக்கா."

"பைத்தியம் புடிச்சுதா உனக்கு? அப்பன் மடி மொத மடிடா!"

திருமலை மஞ்சுளாவைப் பாத்தான். அவ கண்ணு ரொம்பிப் போச்சு. மரகதம் பல்லைக் கடிச்சுக்கினு, அந்த ஆளு மடியில குழந்தையைப் போட்டா.

அவன் சிலுவை போட்டுக்கினான். குழந்தையோட தலையை மோந்தான். கண்ணை மூடி மறுபடியும் மோந்தான். அவன் மொழியில என்னமோ மொணமொணன்னு சொன்னான். குழந்தை அவன் மூக்கைப் புடிச்சு இழுத்துச்சு. பெரிய ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதான்.

எனக்குப் பொறுக்கல. "நல்ல கூத்துடா இது! ஏன், அவனுக்குப் புள்ளைகுட்டி இல்லியா?"

"கீது அண்ணி. பொண்ணு. நம்ம பையனை விட பத்து நாள் பெரியவ."

"அவன் ஊருக்குக் கப்பல் போவாதா?" என்று கேட்டார் அண்ணாதுரை.

"போச்சு மாமா. ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி மணிலாவுல நின்னுச்சு. அவனுக்கு எறங்கற முறைதான். ஹார்பர்லேர்ந்து அவன் வூடு பஸ்ல அரை மணி."

"அப்போ பாத்திருப்பானே!"

"பொண்டாட்டி கொழந்தையைத் தூக்கிக்கினு விடியற வரைக்கும் ஹார்பர் கேட்டாண்ட நின்னா. இவன் எறங்கல. கப்பல் கெளம்பறப்போ மேல் மாடியிலேர்ந்து கை காட்டினான். அவ்ளோதான்."

மரகதம் மோவாயில கை வெச்சுக்கினா. "பெத்த பொண்ணைப் பாக்க எறங்கலியா? என்ன கல்லு மனசுடா அது! வாசல் வரைக்கும் வந்தவளை விட்டுட்டு, அப்பிடி இன்னா வேலை அவனுக்கு?"

திருமலை குனிஞ்ச தலை நிமிரல.

"அன்னைக்கு எனக்கு நூத்தி நாலு ஜொரம்க்கா. ராத்திரி பூரா என் மிஷின்ல நின்னது அவன்தான்."