ஹெலன் கம்ப்யூட்டருக்கு மட்டும்

"எல்லா கம்ப்யூட்டர்லயும் வாசல் கேமரா தெரியணும். ஹெலன் கம்ப்யூட்டர்ல மட்டும் தெரியக் கூடாது. முடியுமா தம்பி?"

கேட்டவர் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி. சங்கரன்கோவிலில் நைட்டி மொத்த வியாபாரம். நெட்வொர்க் வேலைக்கு வந்திருந்த பிரவின்ராஜுக்குச் சுருக்கென்றது. பில் போடுகிற பெண்ணிடம் மறைக்கிற அளவுக்கு வாசலில் அப்படி என்னதான் நடக்கிறது?

"பாஸ்வேர்டை மாத்தினா போதுமே அண்ணாச்சி?"

"அவ அழுது கேட்டா எவளாவது சொல்லிக் குடுத்திருவா. வழியையே அடைச்சிரு."

பிரவின்ராஜ் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் ரூல் எழுதினான். ஹெலன் கம்ப்யூட்டரிலிருந்து கேமரா ரெக்கார்டருக்குப் போகிற டேட்டா பாக்கெட்டைத் தடு, மற்றதையெல்லாம் விடு. எழுதி முடித்த சற்று நேரத்தில் ஹெலன் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு கேமரா வரமாட்டேங்கு."

"உனக்கு எதுக்கு கேமரா? போயி பில்லைப் போடு."

"ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி..."

"போன்னு சொன்னேம்லா!"

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். பிரவின்ராஜுக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க பாக்கக் கூடாதது ஏதும் இருந்தா அழிச்சிரலாமே அண்ணாச்சி. பாவம், எதுக்கு ஒரு பொம்பளைய அழ வைக்கணும்?" குத்தலாகவே கேட்டான்.

அண்ணாச்சி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவ வீட்டுக்காரன் சாயந்தரம் கூட்டிட்டுப் போக வருவான் தம்பி. போனெல்லாம் அடிக்க மாட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு நம்ம கேமராவைப் பாத்துக் கையாட்டுவான். இவ உள்ள இருந்து பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே பையைத் தூக்கிட்டு ஓடுவா. போன மாசம் ஒரு நா அப்படித்தான் கையாட்டினான். அதைத்தான் இப்பம் ஓட்டி ஓட்டிப் பாக்கா. பாத்துட்டு, சோத்து டப்பாவைத் தொறக்கதே இல்ல."

"வீட்டுக்காரர் கையாட்டுததைப் பாக்கதுல என்ன அண்ணாச்சி தப்பு?"

அண்ணாச்சி மேஜையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

"அதை மட்டும் வெட்டி இதுல போட்டுக் குடு, அவகிட்ட குடுத்திருதேன். ரோட்டைத் தாண்ட காலெடுத்து வைப்பாம்லா, அங்கனயே நிறுத்திரு தம்பி. லாரி வர வேண்டாம்."